பகலில் பாரதம், இரவில் கூத்து

ஏட்டில் எழுதப்பட்ட கதை மேடைக்கும், வெண்திரைக்கும், தொலைக்காட்சிக்கும் செல்லும்போது மாற்றம் அடைகிறது. அம்மாற்றம் எதுவரை ஏற்கத்தக்கது? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கூத்து மரபு இவ்வினாவிற்குத் தெளிவான விடையை வைத்திருக்கிறது.

வழிநூல் மரபு

புகழ்பெற்ற புதினம் ஒன்று திரைக்கு வரும்போதெல்லாம் இருவேறு குரல்கள் எழுகின்றன. நூலில் உள்ளதை உள்ளவாறே காட்ட வேண்டும் என்பது ஒரு குரல். காட்சிக்கலைக்குத் தனி இலக்கணம் உண்டு. நூலைக் கொண்டு அதனை அளத்தல் தகாது என்பது மற்றொரு குரல். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறார். முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்வதும், வேண்டிய வேறுபாடுகளைச் சேர்ப்பதும் வழிநூலின் இயல்பு என்பது நன்னூலார் கருத்து. எனவே, மாற்றம் தமிழ் மரபிற்குப் புறம்பன்று. அது எதற்காகச் செய்யப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

வியாசர் பதினெட்டுப் பருவங்களில் கூறிய பாரதத்தை வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களில் பாடினார். அவர் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. இன்றைய விழுப்புரம், கடலூர் பகுதிகள் அந்நாட்டில் அடங்கியிருந்தன. அவர் பாடிய பாரதமே இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் ஒலிக்கிறது.

கூத்துக் களம்

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகற்பொழுதில் பாரதப் பிரசங்கம் நிகழும். பிரசங்கியார் பாடலைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்படும். கூத்து, நூலை அப்படியே பின்பற்றுவதில்லை. கட்டியங்காரன் அரசவைக்குள் புகுந்து ஊர்மொழியில் நகைச்சுவை பேசுவான். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த மரத்தின் உச்சிவரை ஏறிப் பாடுவார். படுகளத்தில் துரியோதனன் மண்ணாலான பேருருவமாகக் கிடப்பான். வியாசர் பாரதத்தில் எட்டாம் நாள் போரில் மடியும் அரவான், தமிழ் மரபில் களப்பலிக்குத் தன்னையே தருகிறான். அக்கதையே கூவாகத்தில் பெருவிழாவாக வளர்ந்துள்ளது.

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் பாரதம் சிதையவில்லை. துகிலுரிதல் கூத்தில் பாஞ்சாலி அவையோரை நோக்கி நீதி கேட்கிறாள். தன்னைத் தோற்றவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை உண்டோ என்பதே அவ்வழக்கு. சேலையின் நீளத்தை மட்டும் காட்டி, அவ்வினாவை விட்டுவிடும் ஆட்டம் பாரதம் ஆகாது. ஊரார் அதனை உடனே அறிவர். ஏனெனில், பகலில் அவர்கள் நூலைக் கேட்டவர்கள்.

திரையின் வழி

1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொடர், காலத்தையே கதைசொல்லியாக்கியது. அம்மாற்றம் பாரதத்தின் ஆழத்தைக் குறைக்கவில்லை. பரந்த கதையை ஒரு சரட்டில் கோத்தது.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் கொண்டது. மணிரத்னம் அதனை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக்கினார். மணிமேகலை என்னும் பாத்திரம் திரையில் இடம்பெறவில்லை. எனினும், அருள்மொழிவர்மன் மணிமுடியை விட்டுக்கொடுக்கும் தியாகம் நிலைத்தது. இறுதிப் பாகத்திற்குக் கல்கி ‘தியாக சிகரம்’ எனப் பெயரிட்டதன் பொருளும் அதுவே. அதே வேளையில், மணிமேகலையின் மனத்துயரத்தை அறிய விரும்புவோர் நூலிடமே செல்ல வேண்டும்.

மேலைநாட்டு மிகைபுனைவுத் தொடரான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நூல்வரிசை நிறைவுறும் முன்பே அத்தொடர் 2019இல் முடிந்தது. வழிகாட்டும் நூல் இல்லாத இறுதிப் பகுதிகளில் கதைமாந்தரின் மனமாற்றங்கள் போதிய காரணமின்றி விரைந்தன எனப் பார்வையாளர் பலர் குறைகூறினர். நிகழ்ச்சிகளைக் காட்டுவது எளிது. அவற்றிற்கு உரிய காரணங்களை வளர்த்தெடுப்பதே அரிது.

வாசகர் கடமை

கூத்திற்கு அருகில் பிரசங்கியார் இருக்கிறார். தொலைக்காட்சிக்கு அருகில் எவரும் இல்லை. நூலை அறியாத பார்வையாளருக்குத் திரையில் வருவதே முழுக்கதையாகிவிடுகிறது. விடுபட்டது எது, சேர்க்கப்பட்டது எது என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. இக்குறையைத் தடையாலோ கண்டனத்தாலோ நீக்க இயலாது. வாசிப்பால் மட்டுமே நீக்க இயலும். படைப்பாளிக்கு மாற்றும் உரிமை உண்டு. அவ்வுரிமை நேர்மையாகப் பயன்பட்டதா என உசாவும் உரிமை வாசகருக்கு உண்டு. நூலைக் கற்றவரே அவ்வுரிமையைப் பயன்படுத்த முடியும். பிரசங்கியார் ஊருக்குச் செய்த பணியை இனி நூலகங்களும் வகுப்பறைகளும் ஏற்க வேண்டும்.