மட்டாஞ்சேரியில் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்குத் தனிப்பாதை அமைத்துத் தரக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர், கொச்சி மாநகராட்சி
மாவட்ட ஆட்சியர், எர்ணாகுளம்
(நகல்: பொதுப்பணித் துறைக்கும் கொச்சி ஸ்மார்ட் மிஷன் நிறுவனத்துக்கும்)

அனுப்புநர்:
மட்டாஞ்சேரி வட்டாரத்தில் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தொழிலாளர் சங்கத்தினர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பஜார் ரோட்டின் மிளகு, சுக்குப் பண்டகசாலைகளில் சுமை தூக்குவோரும், தையற்கடை ஊழியர்களும், வெளி என்ற பகுதியிலுள்ள தோபிகானாவின் சலவைத் தொழிலாளர்களும் எங்கள் உறுப்பினர்கள். எங்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். சைக்கிள் எங்களுக்கு உடற்பயிற்சிக்கான வண்டி அல்ல, பிழைப்புக்கான வண்டி.

சலவை மூட்டையைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினால் அது ஹேண்டில்பாரைவிட அகலமாக இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னால் பஸ் வந்து ஏர்ஹார்ன் அடிக்கும்போது ஒதுங்க இடமிருக்காது. இடப்பக்கம் ஸ்லாப் பெயர்ந்த சாக்கடை, அதையடுத்து நிறுத்தி வைத்த கார்கள். மழைக்காலத்தில் சாக்கடை எது, சாலை எது என்றே தெரியாது. இதற்குப் பயந்துதான் எங்கள் இளைஞர்கள் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுக்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டுவோரே குறைவு, பாதை போட்டால் யார் வருவார்கள் என்று எங்களிடம் கேட்கப்படுகிறது. பயந்து ஓட்டாமல் விட்டவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வரமாட்டார்கள் என்பதே எங்கள் பதில். ஸ்பெயினின் செவில் நகரில் சைக்கிள் ஓட்டுவோர் மிகச் சொற்பமாகவே இருந்தார்கள். 2006-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே தொடர்ச்சியான தனிப்பாதைகள் 100 கிலோமீட்டருக்கு மேல் போடப்பட்டன. சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. கோபன்ஹேகனில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. திட்டுக் கட்டிப் பிரித்த பாதைகளில் சைக்கிள் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. வெறும் கோடு போட்ட தெருக்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதே ஆய்வில் சந்திப்புகளில் விபத்து அதிகரித்ததும் தெரியவந்தது. ஆகவே பாதையோடு சந்திப்புகளையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

டெல்லியில் 2008-இல் திறந்த பி.ஆர்.டி. (விரைவுப் பேருந்துத் தட) சாலையின் சைக்கிள் பாதைக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்துகொண்டன. எங்களுக்கு அப்படிப்பட்ட பாதை வேண்டாம். பெயின்ட் கோடும் வேண்டாம்; இரண்டாவது மழைக்கே அது அழிந்துவிடும், அழியாத இடத்தில் ஆட்டோ நிற்கும்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை, தோப்பும்படியிலிருந்து சுள்ளிக்கல் வழியாக ஃபோர்ட் கொச்சி செல்லும் சாலையைப் பற்றியது. அகலம் உள்ள இடங்களிலெல்லாம் சாலையோரப் பார்க்கிங்கை அகற்றி, திட்டு கட்டிய சைக்கிள் பாதை அமைக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸின் 2015-ஆம் ஆண்டு சைக்கிள் பாதை வழிகாட்டி நெறிகளை (ஐ.ஆர்.சி. 11) இதற்குப் பின்பற்றலாம். சாக்கடை ஸ்லாப்களைச் சரிசெய்யாமல் பாதை வேலையைத் தொடங்கக் கூடாது.

பஜார் ரோட்டுக்கு நாங்கள் தனிப்பாதை கேட்கவில்லை. அந்தக் குறுகலான தெருவில் அதற்கு இடமில்லை என்பது அங்கேயே வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும். காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் லாரிகள் உள்ளே வராதபடி நேரக் கட்டுப்பாடு விதித்தால் போதும். லோடு இறக்கும் எங்கள் தோழர்களின் கூலி குறையாதவாறு, அவர்களையும் கலந்துபேசியே நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மட்டாஞ்சேரி வாட்டர் மெட்ரோ நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து படகேறி எர்ணாகுளம் போக விரும்புவோருக்காக, கூரையும் காவலும் உள்ள சைக்கிள் நிறுத்தம் அங்கே வேண்டும். பெண்களுக்குச் சைக்கிள் பழக்க மாநகராட்சி ‘சைக்கிள் வித் கொச்சி’ என்ற நல்ல முயற்சியை எடுத்தது. பழகிய பெண்கள் வேலைக்கும் சைக்கிளிலேயே போக வேண்டுமானால், அவர்கள் நம்பி இறங்கக்கூடிய சாலை தேவை.

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பொறியாளர்கள் எங்களுடன் காலை எட்டு மணிக்குத் தோப்பும்படி–ஃபோர்ட் கொச்சி சாலையை நேரில் பார்வையிடவும், எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்
மட்டாஞ்சேரி, கொச்சி