ஆறு வாரம் வீட்டார் பொறுப்பு
கருப்பையை அகற்றும் சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், தன் தேகத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன்பாக, மாவு அரைப்பது யார், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது யார் என்று விசாரப்படுவதே நம் வீட்டு ஸ்திரீகளின் சுபாவமாக இருக்கிறது. அந்த விசாரத்தைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்வதே முதல் சிகிச்சை என்பது என் திடமான அபிப்பிராயம். பல மாத உதிரப்போக்கினால் வெளுத்துப்போன தேகத்தின் ரத்தசோகையை வைத்தியர் யோசனைப்படி முன்கூட்டியே நிவர்த்தி செய்துகொள்வது உத்தமம். வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையானால், மேல்தோல் சீக்கிரம் கூடிவிட்டபோதிலும், உள்ளே ரணம் ஆறிப் பலப்படுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் பிடிக்குமாதலால், தழும்பைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொல்வது பெரும் அநியாயம். இருமல் வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும், ஒருக்களித்துக் கையூன்றி எழுவதும், கால்களில் ரத்தம் உறையாதிருக்க வைத்தியர் அனுமதித்தவுடன் மெல்ல நடப்பதும், மலச்சிக்கல் நேராதபடி ஆகாரம் கொள்வதும் அற்ப விஷயங்கள் அல்ல. ஜுரமோ, மிகுந்த உதிரப்போக்கோ, கெண்டைக்கால் வீக்கமோ கண்டால் க்ஷணமும் தாமதிக்கலாகாது. மற்றபடி, அடுப்பங்கரையைக் கணவரும் பிள்ளைகளும் மனமுவந்து ஏற்று நடத்துவதே தர்மம்.