பாடசாலை இணையத்தள மெனுவில் எது முன்னுக்கு வர வேண்டும்?

நமது பாடசாலை இணையத்தளங்கள் சிலவற்றின் மெனுவைத் திறந்தால் அதிபர் செய்தி, பாடசாலைக் கீதம், பரிசளிப்பு விழாப் படங்கள்தான் முன்னுக்கு நிற்கின்றன. தரம் 1 அனுமதிப் படிவத்தைத் தேடும் உம்மா அது கிடைக்காமல் ஓட்டோ பிடித்துக் காரியாலயம் வருகிறார்.

வேர்ட்பிரஸ்ஸில் பக்கத்தை வெளியிட்டால் மட்டும் போதாது. தானாகச் சேரும்படி அமைக்காவிட்டால், மெனுவிலும் நாமே சேர்க்க வேண்டும். மெனுவிலிருந்து எடுத்தாலோ பக்கம் அழியாது. எனவே யார் மனமும் நோகாமல் அதிபர் செய்தியை 'எங்களைப் பற்றி' என்பதன் கீழ் உபமெனுவாக்கலாம்.

அனுமதி, சுற்றுநிருபங்கள், வினாத்தாள்கள், தொடர்பு ஆகிய நான்கும் முதலில் வரட்டும். பெற்றார் தேடுவது எது என்பதே வரிசையைத் தீர்மானிக்க வேண்டும், பதவி அல்ல. அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதையும் கேட்போம்.