கிளிக்கு நாலு எண்

திண்டிவனத்தில் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும்போது தலைக்கு மேல் போகிற விமானத்துக்கு நாலு இலக்க எண் ஒன்று உண்டு. கிளம்பும்போதே கட்டுப்பாட்டு அறை சொல்லிவிடும். விமானி அதை ‘டிரான்ஸ்பாண்டர்’ கருவியில் வைப்பார். ரேடார் கேட்கும்போதெல்லாம் கருவி அந்த எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும்.

எண்ணில் 8, 9 வராது. இலக்கத்துக்கு மூன்று துடிப்புகள்தான். அதில் 0 முதல் 7 வரைதான் அடங்கும். ஆக 4096 எண்கள். உலகத்துக்கே அவ்வளவுதான் என்பதால் ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி திரும்பத் திரும்பப் புழங்கும். 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 ஆபத்து. கடத்தல்காரன் பக்கத்திலேயே நின்றாலும் விமானி வாய் திறக்காமல் சொல்லிவிடலாம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இதன் முன்னோடிக் கருவிக்கு வைத்த ரகசியப் பெயர் ‘கிளி’. அதனால்தான் இன்றும் எண்ணைச் சொல்லும்போது ‘ஸ்க்வாக்’, அதாவது கீச்சிடு, என்கிறார்கள்.

1996 நவம்பர் 12 அன்று டெல்லி அருகே சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கச் சொன்ன கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. டெல்லி ரேடார் திரையில் அன்று உயரம் தெரியாது. விமானி வாயால் சொன்னதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.