கரை கடந்த புயலும் மலைவாழ் நோயாளியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் உருவாகும்போதெல்லாம் செய்தி அறிக்கைகள் கடலோரத்தைப் பற்றியே பேசுகின்றன. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகின்றனர். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் முகாம்களில் தங்க வைக்கப்படுகின்றனர். பின்னர், "புயல் கரையைக் கடந்தது" என்ற அறிவிப்பு வருகிறது. பள்ளங்கியிலும் வில்பட்டியிலும் அதைக் கேட்போர், ஆபத்து நீங்கிற்று என்று ஆறுதல் கொள்கின்றனர். மலைவாழ் மக்களுக்கு, அதிலும் தொடர் சிகிச்சையில் இருப்போருக்கு, அந்த ஆறுதல் பொருந்தாது. கடலோரத்தில் புயல் ஓயத் தொடங்கும் நேரமே நமக்கு அது வந்து சேரும் நேரம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. வேதாரண்யமும் கொடைக்கானலும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் அமைந்தவை. இடையிலுள்ள நேர்த்தொலைவு சுமார் 250 கிலோமீட்டர். மேற்கு நோக்கி நகர்ந்த கஜா, வலுக்குறைந்த நிலையிலும் அன்றைய தினமே திண்டுக்கல் மாவட்டத்தை அடைந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது, மண்சரிவில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். டெல்டா மாவட்டங்களின் பேரழிவுக்கு நடுவே மலையின் துயரம் அதிகம் பேசப்படவில்லை.

2024ஆம் ஆண்டில் ஃபெஞ்சல் புயலும் இதையே உணர்த்தியது. நவம்பர் 30ஆம் நாள் இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. இவையனைத்தும் புயல் கரையைக் கடந்த பிறகு நிகழ்ந்தவை.

இதற்கான காரணம் எளியது. நிலத்தை அடைந்ததும் புயலின் காற்று விரைவில் தளர்கிறது. ஆயினும் அது சுமந்து வந்த நீராவி உடனே தீர்ந்துவிடுவதில்லை. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து பெருமழையாகப் பொழிகிறது. ஏற்கெனவே பருவமழையில் ஊறியிருக்கும் சரிவுகளும் படிக்கட்டு வயல்களும் மேலும் நீரைத் தாங்க இயலாமல் சரிகின்றன.

நோயாளிக்கு மண்சரிவு என்பது முதன்மையாகச் சாலையைப் பற்றிய செய்தி. வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் இறங்கலாம் என்பதால், நமக்கு இரண்டு பாதைகள் இருப்பதாக எண்ணுகிறோம். ஆனால் அவை இரண்டும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து கொடைக்கானல் வரையிலான பகுதியில் ஒரு பெருமரம் விழுந்தாலும் இரு வழிகளும் ஒருசேர அடைபடும். பள்ளங்கியில் வாழ்பவர் முதலில் கொடைக்கானல் நகரையே அடைந்தாக வேண்டும். தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ செல்ல வேண்டிய அவசரம் நேர்ந்தால், இத்தனை கண்ணிகளும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

ஆகவே, மலைவாழ் நோயாளிகள் முடிவெடுக்க வேண்டிய நேரம் மழை தொடங்கிய பின்னர் அன்று. புயல் இன்னும் கடலில் இருக்கும்போதே ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. முதலாவது, சுமார் 72 மணி நேரத்திற்கு முன் வரும் முன்னறிவிப்பு. இரண்டாவது, கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்னும், மூன்றாவது 24 மணி நேரத்திற்கு முன்னும் வருகின்றன. நான்காவது அறிக்கை, கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்திற்கு முன்பே, புயல் அதன்பின் எத்திசையில் செல்லும், உள்மாவட்டங்களில் என்ன நேரும் என்பதைக் கூறுகிறது. அந்த நான்காவது அறிக்கை நமக்காகவே எழுதப்படுவது. நாமோ அதைக் கேட்பதே இல்லை. எனினும், ஊரை விட்டு இறங்க வேண்டிய நோயாளிக்கு 12 மணி நேரம் போதாது. அவர் இரண்டாம் கட்டத்திலேயே தம் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

யாரெல்லாம் பேச வேண்டும்? பேறுகாலம் நெருங்கிய பெண்கள் முதலில். மலைப்பகுதிப் பெண்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அவற்றையோ உறவினர் வீட்டையோ முன்னரே நாடலாம். அடுத்து, மலைக்குக் கீழே சென்று டயாலிசிஸ் செய்துகொள்வோர். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். முறையை ஓரிரு நாள் முன்னதாக மாற்ற இயலுமா என்றும், தாமதமானால் நீரையும் உணவையும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்றும் கேட்டறிந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவியைப் பயன்படுத்துவோர், மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரத்திற்கு மாற்று உருளை போதும் என்பதைக் கணக்கிட வேண்டும். இன்சுலின், வலிப்பு, இதய நோய் மருந்துகள் குறைந்தது இரண்டு வாரத்திற்கேனும் கையிருப்பில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதென்று அஞ்சி இன்சுலினைப் பனிக்கட்டியோடு ஒட்ட வைத்து உறைய விடலாகாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை புறந்தள்ளத் தக்கவையும் அல்ல. புயல் திசைமாறிப் போனால் பயணம் வீண்தானே என்பர். காரட்டும் பூண்டும் வயலில் இருக்கையில், நோயாளியுடன் ஒருவர் கீழே சென்று தங்கினால் கூலியும் அறுவடையும் என்னாவது என்பர். உண்மைதான். எல்லாரும் இறங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பெரும்பாலோருக்கு மருந்துக் கையிருப்பும் தெளிவான அறிவுரையுமே போதும். ஆனால் பேறுகாலம் நெருங்கியவருக்கும் டயாலிசிஸ் தேவைப்படுவோருக்கும் கணக்கு வேறு. வீணான பயணத்தின் இழப்பு பேருந்துக் கட்டணமும் சில நாள் கூலியும். தங்கிவிட்டதன் இழப்போ, நேர்ந்தால், ஈடுசெய்ய இயலாதது. காலம் தவறிவிட்டால் கொட்டும் மழையில், இரவில், தாமாக வாகனம் எடுத்து இறங்குவது அதனினும் பேராபத்து. அந்நிலையில் பாதுகாப்பான இடத்தில் தங்கி, 108க்கு அழைத்து, அவர்கள் கூறும் வழியில் நடப்பதே முறை.

இச்சுமையை நோயாளியின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்ற கேள்வியும் மருத்துவக் கேள்வியே. மலை ஊர்களில் வாழும் கருவுற்ற பெண்கள், டயாலிசிஸ் நோயாளிகள், ஆக்சிஜன் தேவைப்படுவோர் ஆகியோரின் பட்டியல் கையில் இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவர்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து தருகின்றனர். அவர்கள் வழியாகப் பருவமழைக்கு முன்பே கூடுதல் மருந்து மலை ஊர்களைச் சென்றடைய வழிசெய்வது கடினமன்று.

மழை நாட்களில் வீட்டிலிருப்போர் மேலும் இரண்டை மறவாதிருக்க வேண்டும். ஊற்று நீரானாலும் குழாய் நீரானாலும் கொதிக்க வைத்தே பருக வேண்டும். குளிருக்காக அடைத்த அறைக்குள் கரியடுப்பை எரிய விடலாகாது; அதன் நச்சுப்புகைக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

அடுத்த முறை புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட செய்தி வரும்போது, அது நாகப்பட்டினத்துக்கோ கடலூருக்கோ உரியது என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். மருந்துப் பெட்டியைத் திறந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த சிகிச்சை நாளைப் பாருங்கள். ஐயம் இருப்பின், சாலை திறந்திருக்கும்போதே மருத்துவரை அழையுங்கள்.