மூன்று குவளைத் தேநீர்



கடந்த பள்ளி விடுமுறையில் ஜப்பானியப் பச்சைத் தேநீர் மூன்றை ஒருசேரச் சுவைத்துப் பார்த்தேன். ஒரே அளவு இலை, 70 பாகை சூட்டில் நீர், ஒரு நிமிடம். சிசுவோக்காவின் யாபுகித்தாவில் இதமான துவர்ப்பு. ககோசிமாவின் சாயேமிதோரியில் இனிமை. ஊஜியின் கோக்கோவில் தனி நறுமணம். மூன்றும் தேயிலையே, வகையும் விளைநிலமுமே வேறு.

யாபுகித்தாவை 1908இல் ஒரு மூங்கில் தோப்பின் வடபுறத்தில் தேர்ந்தெடுத்தவர் சுகியாமா ஹிகோசபுரோ. பெயரின் பொருளும் அதுவே. அவர் 1941இல் மறைந்தார். அவ்வகை முறையாகப் பதிவு பெற்றதோ 1953இல்தான். இன்று ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி அதுவே.

நல்ல வகைதான். ஆயினும், எங்கும் ஒன்றையே நட்டால் எல்லாம் ஒரே வேளையில் துளிர்க்கும்; ஓர் இரவின் உறைபனியில் எல்லாம் கருகவும் கூடும்; பறிக்கவும் ஆள் போதாது. ஆகவேதான், முந்தித் துளிர்க்கும் சாயேமிதோரியும் பிந்தித் துளிர்க்கும் ஒக்குமிதோரியும் தோட்டத்திற்குத் தேவைப்படுகின்றன.

உழவர் உணர்ந்த இவ்வுண்மையை வகுப்பறையில் நாம் மறக்கலாமா? பிந்தித் துளிர்க்கும் பிள்ளையைப் பட்ட செடியென்று ஒதுக்கிவிடுகிறோமே!

சிந்திப்போம்.