அளந்து வாங்குக

கண்டி திரிகோணமலை வீதியிலே சிறு கணக்காய்வுக் காரியாலயம் ஒன்றை நடத்தி வரும் நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற வாரம் விலைப்பட்டியல் ஒன்றுடன் நம் இல்லத்துக்கு வந்தார். "சேர், பழைய தொலைபேசியைக் கழற்றிவிட்டு இணையவழித் தொலைபேசி பொருத்தப் போகிறேன். இது மலிவுதானா?" என்று வினவினார். காரியாலயத்தில் இருப்பவர் மூவர். பட்டியலிலோ இருபது பேருக்கான இயந்திரம்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமல்லவா? முதலில் அளந்து பார்ப்போம் என்றோம்.

இணையவழித் தொலைபேசி, நம் குரலை எண்களாக மாற்றி, விநாடிக்கு ஏறத்தாழ 50 சிறு பொதிகளாகக் கட்டி, இணையத்தின் வழியே அனுப்புகிறது. ஓர் அழைப்புக்குப் போகவும் வரவும் தனித்தனியே விநாடிக்கு 90 கிலோபிட் அளவு போதும். மூவரும் ஒரே வேளையில் பேசினாலும் 300 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே, வேகம் மிக்க இணைப்பைவிடச் சீரான இணைப்பே முக்கியம். குரல் 150 மில்லி விநாடிக்குள் மறுமுனையை அடையுமாயின் உரையாடல் தடுமாறாது.

இயந்திரத்தின் விலைக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய மார்க் ஸ்பென்சர் என்னும் மாணவர், காரியாலயத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணமின்றி, அவ்வேலையைச் செய்யும் கணினி நிரலைத் தாமே எழுதினார். 'அஸ்டெரிஸ்க்' எனப்படும் அந்நிரல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் இயங்குகிறது. ஆயினும், அதைப் பராமரிக்க அறிந்தவர் ஒருவர் வேண்டும். கடவுச்சொல் எளிதாக இருப்பின், திருடர் உட்புகுந்து வெளிநாடுகளுக்குப் பேசுவர். கட்டணம் உரிமையாளர் தலையில் விழும்.

இவ்வளவும் கூறியபின், "பழைய தொலைபேசியை ஏன் கழற்றுகிறீர்?" என்று கேட்டோம். மாணவர் சற்று மௌனமானார். முன்னொரு மழைநாள் மாலை மின்சாரம் நின்றிருந்த வேளையில், அவருடைய முதிய காவலாளி மயங்கி விழுந்தார். கைத்தொலைபேசிகளில் தொடர்பு கிடைக்கவில்லை. சுவரிலிருந்த அப்பழைய கருவியே 1990 அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அக்கம்பி வழியே இணைப்பகத்திலிருந்து வருகிறது. இணையவழிக் கருவியோ, காரியாலயத்தில் மின்சாரம் நின்றால் ஊமையாகிவிடும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கலாகுமா?

முடிவில், சிறு கருவிகள் மூன்றும், மின்தடையின்போது அவற்றையும் இணையக் கருவியையும் சில மணி நேரம் இயக்கவல்ல யூ.பி.எஸ். ஒன்றும் வாங்குவதென மாணவர் தீர்மானித்தார். பட்டியலில் கண்ட தொகையில் பாதியும் செலவாகாதாம். பழைய தொலைபேசி சுவரிலேயே இருக்கும்.

குறைந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் மலிவாகிவிடாது. ஆபத்து வேளையிலும் குரல் கொடுக்கும் கருவியே மலிவானது.